பழைய எஸ்டீமை டிராக் ரேஸுக்குத் தயார் செய்வது: வீட்டு வாசலில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

டிராக் ரேஸ் ஆசையோடு வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த ஏர் ஃபில்டர் போடலாம், சைலன்சரை மாத்தினா எவ்வளவு பவர் கூடும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினே?" பெரும்பாலும் பதில் வராது. இன்ஜினுக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில்தான் நேரமும் அதிகம் குறையும், செலவும் குறைவு. இந்தக் கட்டுரையில் இன்ஜின் கடைசியில் வருவது அதனால்தான்.

டிராக் ரேஸ் (drag race) என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல். இரண்டு கார்கள், விளக்கு மாறியதும் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் காலியாகக் கிடந்த விமான ஓடுதளங்களில் இது வளர்ந்தது. கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில் 1950-இல் முறையாக நடத்த ஆரம்பித்தார்கள். நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் பல வருடம் நடந்தது. அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வந்தது. நீளமான, மூடிய, யாரும் குறுக்கே வராத தார்ப்பரப்பு இல்லாமல் இந்த விளையாட்டு கிடையாது.

ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைபாஸிலோ ஈ.சி.ஆரிலோ விடியற்காலையில் "சும்மா ஒரு தடவை" ஓட்டிப் பார்ப்பது ரேஸ் இல்லை. எதிரில் பால்காரர் வருவார், நாய் வரும், தூக்கக் கலக்கத்தில் ஒரு லாரி திரும்பும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதற்கு முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

ஏன் எஸ்டீம்?

நான் வைத்திருப்பது மாருதி எஸ்டீம். 1994 முதல் 2007 வரை விற்ற வண்டி. தொடக்கத்தில் கார்புரேட்டரோடு வந்தவை சுமார் 65 குதிரைத்திறன். பிறகு வந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பது), அதே 1.3 லிட்டரில், சுமார் 85 தரும். வண்டியின் எடை 900 கிலோவுக்குள். இன்று வருகிற கார்களில் இந்த எடையைப் பார்ப்பதே கஷ்டம். எம்.பி.எஃப்.ஐ. வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய ஹோண்டா சிட்டி விடெக் இதைவிட வேகமானதுதான், ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். முதல் காரில் தப்பு செய்துதான் கற்றுக்கொள்ள முடியும், அதனால் மலிவான கார் நல்லது.

வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைவிட அடித்தளத்தைப் பாருங்கள். கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கிவிட்டு தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டு) மேல்முனை உட்காரும் இடம், கதவுக்குக் கீழ் ரன்னிங் போர்டு, பெட்ரோல் பைப் போகும் பாதை, இந்த மூன்றிலும் துரு தின்றிருந்தால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்ஜினை மாற்றிவிடலாம், ஓட்டை விழுந்த பாடியை ரேஸுக்கு நம்ப முடியாது. ஆர்.சி.யையும் பாருங்கள். இந்த வண்டிகள் எல்லாமே 15 வருடம் தாண்டியவை, எஃப்.சி. காட்டிப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொண்டு, ரோட்டில் ஓட்டும்போது பழையபடி வைத்திருப்பது. இல்லையென்றால் ரேஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி, மைதானத்துக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போவது. முதல் ஒரு வருடத்துக்கு முதல் வழியே போதும்.

ஒரு சின்னக் கணக்கு

402 மீட்டருக்கு ஆகும் நேரத்தைத் தோராயமாகக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடையைக் கிலோவில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 7.58-ஆல் பெருக்கினால் நொடிகள் வரும். 950 கிலோ, 85 குதிரைத்திறன் என்றால் 17 நொடிக்குச் சற்றுக் குறைவு. இது எல்லாம் சரியாக அமைந்தால் வரும் எண். 20 வருடப் பழைய இன்ஜினும் சாதா டயரும் உள்ள வண்டி இதைவிட ஒரு நொடி பின்தங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதே கணக்கில் 60 கிலோவைக் குறைத்துப் பாருங்கள். 16.6 வருகிறது. அதாவது கிட்டத்தட்ட 6 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். இந்த இன்ஜினில் 6 குதிரைத்திறனை வாங்க ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி), ஃபில்டர், பட்டறைக் கூலி என்று ஆயிரக்கணக்கில் போகும். 60 கிலோவைக் கழற்ற ஒரு ஸ்பேனர் செட் போதும்.

காருக்குக் கீழே போவதற்கு முன்

ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்தும் படுக்காதீர்கள், அது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஆக்சில் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். சமதளத் தரை, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை. ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்து அப்புறம் கீழே போங்கள். டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) ஒன்றும் முதல் மாதமே வாங்க வேண்டியது. வீல் நட்டைக் காலால் மிதித்து இறுக்குகிற பழக்கம் ரேஸ் காருக்கு ஆகாது.

முதல் வேலை: உடம்பைச் சரி செய்வது

பிரேக்கில் தொடங்குங்கள். கால் மைல் முடிவில் இந்த வண்டி 125 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். அங்கிருந்து நிற்க வேண்டும், அரை மணி நேரத்தில் மறுபடி ஓடி மறுபடி நிற்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். புது டாட் 4 ஆயில் ஊற்றி நான்கு சக்கரத்திலும் பிரேக் லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முன் பேட், பின் ஷூ, வீல் சிலிண்டர் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். ரப்பர் பிரேக் ஹோஸில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்து பெட்ரோல் குழாய்கள். இந்தக் கார்கள் வந்த காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறி இளகும் அல்லது வெடிக்கும். இன்ஜின் அறைக்குள் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் புது ஹோஸும் நல்ல கிளிப்பும் போடுங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது. இதை நீங்களே செய்யலாம். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் கழற்றி, நான்கு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து, ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 13, 14 கிலோ வந்தால் மகிழ்ச்சி. 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. இதைச் சரி செய்யாமல் மேலே எந்த அலங்காரமும் செய்யாதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு புதுசு போடுங்கள். வாட்டர் பம்ப்பையும் அதோடு பார்த்துவிடலாம். இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான்.

இவ்வளவும் முடிந்து, புது பிளக், புது ஃபில்டர், புது ஆயிலோடு ஒரு பயிற்சி நாளில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அடிப்படை எண். இது இல்லாமல் செய்கிற எந்த மாற்றமும் பலன் தந்ததா இல்லையா என்று தெரியாது. என் காரில் முதல் நாள் 18.1 வந்தது. அதைக் குறித்த நோட்டு இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது.

எடை

ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான், டிக்கி கார்ப்பெட், பின் சீட், முன் இடப்பக்க சீட். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இவற்றைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. டாங்கில் 30 லிட்டர் குறைவாக இருந்தால் 22 கிலோ போச்சு. ஆனால் அடியோடு காய விடாதீர்கள். கிளம்பும் வேகத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். எட்டுப் பத்து லிட்டர் இருக்கட்டும்.

தொடக்கூடாதவை: சீட் பெல்ட், கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, பானட் லாக், பம்பரைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பேட்டரி கிளாம்ப். ஏ.சி.யை எடுப்பதானால் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் ஏ.சி. மெக்கானிக்கிடம் கொடுத்து இழுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிடிமானம்: நேரம் ஒளிந்திருக்கும் இடம்

என்னைக் கேட்டால் முழு ரேஸும் முதல் 60 அடியில்தான் இருக்கிறது. அங்கே 0.1 நொடி மிச்சம் பிடித்தால் கடைசியில் அது ஏறத்தாழ 0.15 முதல் 0.2 நொடியாக வளர்ந்து நிற்கும். ஆரம்பத்திலேயே கிடைத்த வேகம் முழுத் தூரத்துக்கும் கூடவே வருவதுதான் காரணம்.

முன் சக்கர டிரைவ் வண்டிக்கு இங்கே ஒரு பிறவிக் கஷ்டம் உண்டு. கிளம்பும்போது வண்டி பின்னால் அமர்கிறது, எடையில் ஒரு பகுதி பின் சக்கரத்துக்குப் போகிறது, தள்ள வேண்டிய முன் சக்கரம் லேசாகிவிடுகிறது. சாதா டிஃபரன்ஷியலில் (இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்) இரண்டில் எது லேசோ அது சுற்றும், மற்றது சும்மா இருக்கும். கருப்புக் கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் இதுதான் கதை.

பின்பக்கம் அமராமல் பார்த்துக்கொள்வது முதல் மருந்து. பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தளர்ந்திருந்தால் புதுசு போடுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருப்பது இங்கே நல்லதுதான். பின் டயர்களில் காற்று 36, 38 பி.எஸ்.ஐ. வரை வைக்கலாம், டயரின் பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். முன் டயரில் 30-இல் ஆரம்பித்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 2 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டே வாருங்கள். 24 அளவில் பெரும்பாலும் நல்ல பிடிப்பு கிடைக்கும். அதற்குக் கீழே போனால் டயர் மடிந்து வண்டி அலையும், நான் அங்கே போவதில்லை. வீல் அலைன்மென்ட்டில் முன் சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கட்டும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சைபர், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு) சைபருக்குப் பக்கத்தில்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்பரப்பு வெட்டு) எவ்வளவு இருந்தாலும் ரப்பர் வயதானால் கல்லாகிவிடும். ஆறு வருடம் தாண்டியது வேண்டாம். பணம் செலவு செய்வதென்றால் முதல் செலவு முன்பக்கத்துக்கு இரண்டு மென்மையான நல்ல டயர். பின்னால் சாதா டயர் போதும், ஆனால் அதுவும் வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்து இன்ஜின் மவுண்டிங். கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை மெல்ல விடச் சொல்லி, பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். இன்ஜின் ஒரு கை அகலம் எழும்பினால் ரப்பர் செத்துவிட்டது. இன்ஜின் ஆட ஆட டயரும் கொக்கரித்துத் துள்ளும், அந்தத் துள்ளல்தான் டிரைவ் ஷாஃப்டை உடைக்கிறது. எனக்கு மூன்றாவது ரேஸ் நாளில் அதுதான் நடந்தது. சி.வி. பூட் (டிரைவ் ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்ததைப் பார்த்தும், "இன்னைக்கு ஒரு நாள் தாங்கும்" என்று விட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் விளக்கு பச்சையானது, டமால் என்று ஒரு சத்தம், வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதோடு அன்றைய நாள் முடிந்தது. 300 ரூபாய் பூட்டுக்கு யோசித்து ஒரு ஷாஃப்டை இழந்தேன். மவுண்டிங், புஷ், பூட் மூன்றையும் ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் பாருங்கள்.

கிளட்ச், இன்ஜின்

கிளட்ச் நழுவினால் எல்லாமே வீண். நான்காவது கியரில் 50 வேகத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துக் குறைத்தால் இன்ஜின் சுறுசுறுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் வார்ப்பிரும்பு வீலைக் கண்ணளவில் மெலிதாக்கினால் 6,000 சுற்றில் அது சிதறி உங்கள் காலடித் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அனுபவமும் பேலன்சிங் வசதியும் உள்ள பட்டறை இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

இன்ஜினில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் குளிர்ந்த காற்று: ஃபில்டரின் வாயை ரேடியேட்டர் சூட்டிலிருந்து விலக்கி, முன்பக்கக் காற்று வரும் இடத்துக்கு ஒரு குழாய் போடுங்கள். பானட்டுக்குள் திறந்து கிடக்கும் பளபள ஃபில்டர் சத்தம் கொடுக்கும், ஆனால் குடிப்பது சூடான காற்று. அதற்கப்புறம் நல்ல பட்டறையில் செய்த 4-2-1 ஹெடர் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேர்வது). பிறகு ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் போர்ட்டும் கேஸ்கட்டும் மேடு பள்ளமில்லாமல் சேர எமரி பிடிப்பது. ஹெட்டை ஸ்கிம் செய்து (அடிப்பரப்பைச் சீவி) கம்ப்ரஷன் ஏற்றினால் சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் (பெட்ரோல் சரியான நேரத்தில் எரியாமல் வெடித்து எழும் தட்டுச் சத்தம்) வரலாம். 95 அல்லது 100 ஆக்டேன் வேண்டியிருக்கும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), தனி ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கணினி), டர்போ எல்லாம் இரண்டாம் வருடத்துக்கு. அவற்றைப் பற்றி இங்கே நான் எழுதாததற்குக் காரணம், இந்த வரிசையை முடித்தவருக்குத் தன் காருக்கு எது தேவை என்று தன் நோட்டே சொல்லும்.

மைதானத்தில்

தேசிய அளவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பு. அதன் அனுமதியோடு நடக்கும் போட்டிகளில் மட்டும் கலந்துகொள்ளுங்கள், அதற்குரிய போட்டி உரிமத்தை முன்கூட்டியே எடுங்கள். ஹெல்மெட், உடை, ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) பற்றி ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதி இருக்கும். விதித்தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள், வாங்கிவிட்டுப் படிக்காதீர்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் 2 கிலோ தீயணைப்பானை இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். பருத்தி உடை, மூடிய ஷூ. நைலான் டி-ஷர்ட் தீயில் உருகித் தோலோடு ஒட்டும்.

பரிசோதனை முடிந்து வரிசையில் வந்ததும் மெதுவாக முன்னேறுங்கள். முன் சக்கரம் முதல் ஒளிக்கற்றையை மறைத்தால் மேல் விளக்கு எரியும், இன்னும் சில அங்குலம் போனால் இரண்டாவது. அங்கே நில்லுங்கள். மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் இறங்கி வரும், அப்புறம் பச்சை. கடைசி மஞ்சளைப் பார்த்ததுமே கிளட்ச் விடப் பழகுங்கள். பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் ஏற்கெனவே தாமதம். அதற்கும் முந்தினால் சிவப்பு விழும்.

முதல் ஓட்டத்துக்கு 3,000 ஆர்.பி.எம். வைத்து, கிளட்சை டபக்கென்று விடாமல் ஒரு நொடிக்குள் வழுக்கி விடுங்கள். டயர் சுற்றினால் அடுத்ததில் 300 குறையுங்கள், இன்ஜின் திணறினால் 300 கூட்டுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இந்த இன்ஜின் உச்ச சக்தியைத் தருவது 6,000 அருகில், அதைச் சற்றுத் தாண்டி கியர் மாற்றினால் அடுத்த கியர் நல்ல இடத்தில் பிடிக்கும். கோடு தாண்டியதும் ஆக்சிலேட்டரை விட்டு, நேராக, சீராக பிரேக் போடுங்கள். பக்கத்து வண்டி எங்கே என்று பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ஓடி முடித்ததும் ஒரு சீட்டு தருவார்கள். அதில் முதலில் இருப்பது ரியாக்ஷன் நேரம். அது உங்களுடையது, காருடையது இல்லை, ஓட்ட நேரத்திலும் அது சேராது. அடுத்து 60 அடி, பிறகு பாதித் தூரம், கடைசியில் முழு நேரமும் முடிவு வேகமும். 60 அடி மோசமாக இருந்து முடிவு வேகம் நன்றாக இருந்தால், இன்ஜின் சரி, பிடிமானமோ உங்கள் காலோ சரியில்லை. 60 அடி நன்றாக இருந்து முடிவு வேகம் குறைந்தால் இன்ஜினைப் பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். காற்றழுத்தம், கிளம்பிய ஆர்.பி.எம்., வெயில் எப்படி, எல்லாவற்றையும் சீட்டோடு நோட்டில் ஒட்டுங்கள். மதியம் 2 மணிச் சூட்டில் இன்ஜின் சோர்ந்திருக்கும், காலை ஓட்டத்தோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். என் 18.1 இரண்டு வருடத்தில் 17.2 ஆனது. அதில் அரை நொடிக்கு மேல் டயர், எடை, என் இடது கால் மூன்றும் கொடுத்தது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கழற்றிய சீட்டையும் ஸ்டெப்னியையும் மாட்டி, டயர் காற்றைப் பழையபடி நிரப்பி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒரு சுற்றுப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பிடியுங்கள். நுண்ணிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் வழக்கம்தான். விரலில் நெருடும் துண்டுகள் தென்பட்டால் அடுத்த ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் முன் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும்.